நீட் படிக்கிறாள் என்று சொன்னேன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இணையத்தில் வெளியாவதால் அவருடைய மகளின் நலன் கருதி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)



மோட்டார் கரண்ட் பில், செப்டிக் டேங்க், வாசல் கேட் பூட்டு எல்லாம் பேசி முடித்தாயிற்று. செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பதினைந்தாகும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதலில் உங்கள் எல்லோரிடமும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். 2023-ல் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். ஆனால் அந்த வருடம் எந்தக் காலேஜிலும் சேரவில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்டீர்கள். "டீச்சர், மகள எங்க சேத்திருக்கிய?" நானும் தயங்காமல் சொன்னேன்: "நீட் எழுதணும்னு ஆசைப்படுதா. ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படிக்கட்டும்னு விட்டுட்டோம்."

அது பொய். அவள் நீட்டுக்கு ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை. மனசுக்குச் சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை இன்று சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லும்மா, எனக்கும் பாரம் குறையும்" என்றாள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

நான் சொன்ன பொய்யை நீங்கள் எல்லோரும் எவ்வளவு அன்பாக ஏற்றுக்கொண்டீர்கள் என்பதைத்தான் பிறகு நிறைய நாள் யோசித்தேன். ஒருவர்கூட "ஒரு வருஷம் வீணாப்போகுதே" என்று சொல்லவில்லை. சாயங்காலம் கீழே பந்து விளையாடும் பையன்களை "மேல பிள்ள படிக்குது, சத்தம் போடாதிய" என்று நீங்களே அதட்டினீர்கள். நம் ஊருக்கு ஒரு வருடம் தள்ளிப்போவது புதிதே அல்ல. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் இடம் பெற்றவர்களில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதிச் சேர்ந்தவர்கள் 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அது 71 சதவீதம். அதாவது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடமாவது வீட்டிலோ கோச்சிங் சென்டரிலோ இருந்துவிட்டுப் போகிறவர்கள்தான். ரிப்பீட்டர் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டோம். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

பரீட்சைக்காக ஒரு வருடம் கொடுக்கிறோம். பிள்ளைக்கு உடம்பு தேறுவதற்காக ஒரு வருடம் கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம்? எனக்கே இருந்தது, அதனால் கேட்கிறேன்.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசல்ட் வந்த மே மாதத்திலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு குறைந்தது. தலை குளிக்கவில்லை. தோழிகள் போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். பரீட்சைக் களைப்பு என்று நினைத்தேன். பிறகு திமிர் என்று நினைத்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். "எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்காத மார்க் உனக்குக் கிடைச்சிருக்கு, என்னட்டி குறை உனக்கு?" என்று கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை.

சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போனோம். கோமதி அம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கிற சக்கரத்தில் மனநிலை சரியில்லாதவர்களை உட்காரவைத்து வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததல்ல. அவளும் உட்கார்ந்தாள். புற்றுமண் எடுத்து வந்தோம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனசு சரியில்லாதவர்களை ஒளித்துவைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி அம்மன் முன்னால் உட்காரவைத்த கோவில் அது. நான் செய்த தப்பு, அங்கே போனதோடு நின்றதுதான். இன்னும் மூன்று வாரம் வீணாய்ப் போனது. பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். மனச்சோர்வு நோய் என்றார்.

அப்போது பொறியியல் கலந்தாய்வுக்கு ரேங்க் வந்திருந்தது. "சார், ஜூலையில கவுன்சிலிங். கோயம்புத்தூர்ல சேர்க்கணும்னு இருக்கோம்" என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். மாத்திரை ஆரம்பித்தால் வேலை செய்வது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். முதல் மருந்து ஒத்துவராவிட்டால் மாற்ற வேண்டும்; மறுபடி அதே கணக்கு. முதல் சில நாள் குமட்டலும் மயக்கமும் இருக்கும். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மாத்திரையைத் தொடர வேண்டும். நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பது, பத்து மாதம் ஆகிறது. "இந்தப் பத்து மாசத்தையும் அவ எங்க இருந்து கடக்கணும்? உங்க பக்கத்துலயா, தெரியாத ஊர் ஹாஸ்டல்லயா?" என்று கேட்டார்.

ஹாஸ்டல் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அறையில் மூன்று நான்கு புதுமுகங்கள். இரவு ஒரு மணி வரை விளக்கு எரியும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது. காலையில் எழுந்திருக்கவே முடியாத நோய்க்காரப் பிள்ளைக்கு அந்த 75 என்ற எண்ணே போதும். இரண்டு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருப்பாள். அப்படித் திரும்புகிற பிள்ளை "எனக்குப் படிப்பு வராது" என்ற நினைப்போடுதான் வரும்.

கலந்தாய்வில் கலந்துகொள்ளவில்லை. அப்படித்தான் அந்த வருடம் ஆரம்பித்தது.

இது நம் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பகுதி 25 வயதுக்குள். நாம் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்புவது அதே வயதில்தான். பழைய கதை ஒன்றையும் சொல்கிறேன். கணிதமேதை ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் போகவில்லை, உதவித்தொகை போனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு கெட்டு வீடு திரும்பினார். பரீட்சையிலும் தேறவில்லை. அவருக்கு என்ன நோய் என்று இன்று உட்கார்ந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் 17 வயதுப் பையன் வீட்டைவிட்டு ஓடுகிறான் என்றால் அவனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்க அன்றைய கல்லூரியில் ஒரு ஏற்பாடும் இல்லை. பாஸா, பெயிலா என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது.

அதே விசாகப்பட்டினத்தில் 2023-ல், நீட் பயிற்சிக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த 17 வயது மாணவி இறந்துபோனாள். அவளுடைய அப்பா தொடுத்த வழக்கில்தான் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இனிமேல் காலேஜ் பார்க்கப் போகிற பெற்றோர் ஆய்வகம், பேருந்து, மெஸ் எல்லாம் பார்த்துவிட்டு, "கவுன்சிலர் யாரு, எந்த ரூம்ல இருப்பாங்க?" என்றும் கேளுங்கள். முழிக்கிறார்களா, பதில் சொல்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். அந்தப் பொய்யால் எனக்கு மரியாதை மிஞ்சியது. செலவை அவள்தான் கொடுத்தாள். நீட் படிக்கிற பிள்ளை மொட்டைமாடியில் காற்று வாங்கக்கூடாது. கல்யாண வீட்டுக்கு வரக்கூடாது. டாக்டர் தினமும் அரை மணி நேரம் வெயிலில் நடக்கச் சொன்னார். யாராவது பார்த்தால் "படிக்கலையா?" என்பார்கள் என்று அவள் நடக்கவில்லை. மாத்திரையைத் திருவேங்கடத்தில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று மாதாமாதம் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மூன்றாம் மாடி அக்கா நல்ல மனசோடு தன் மகனுடைய விலங்கியல், தாவரவியல் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று இரவு அவள் அழுதாள். "படிக்காத பரீட்சைக்கும் சேர்த்து நான் பெயிலாகணுமாம்மா?" என்றாள்.

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. 2024 ஜூன் 4-ம் தேதி நீட் ரிசல்ட். அன்று நாடாளுமன்றத் தேர்தல் முடிவும் வந்ததால் எல்லோரும் டிவி முன்னால் இருந்தீர்கள். அந்த ஒரு நாள் தப்பித்தோம். மறுநாளிலிருந்து "எவ்வளவு ஸ்கோர்?" அவள் எழுதாத பரீட்சைக்கு நான் ஒரு மார்க்கைக் கற்பித்துச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வருடம் வீட்டில் வையுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புது இடம் என்றால் வயிற்றைக் கலக்குகிற பிள்ளை உண்டு. அந்த மாதிரிப் பயத்துக்கு வீட்டிலேயே இருந்தால் பயம் இன்னும் வளரும். துணையோடு போய்ப் பழகுவதுதான் வைத்தியம் என்று அந்த மருத்துவரே சொன்னார். எது எந்த வகை என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. நம் கோபத்தாலும் பயத்தாலும் முடிவு செய்யக்கூடாது. அதேபோல வருடம் என்பதே மருந்தும் அல்ல. வைத்தியம் இல்லாமல் அறைக்குள் போனோடு கிடக்கிற பன்னிரண்டு மாதம் பிள்ளையை இன்னும் கீழே இழுக்கும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பையன் சும்மா இருந்தால் "தீப்பெட்டி ஆபீஸுக்காவது போகட்டும், தறிக்காவது போகட்டும்" என்பார்கள். கையில் காசு பார்த்தவன் அப்புறம் காலேஜ் பக்கம் திரும்ப மாட்டான். பெண் வீட்டில் இருந்தால் மூன்றாம் மாதமே ஜாதகம் கேட்டு ஆள் வரும். என் வீட்டுக்கே வந்தது. என் மாமியார்தான், அவருக்குப் புண்ணியம், "பிள்ள படிக்கப் போறா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதனால் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்கிற அன்றைக்கே திரும்பிச் சேர்கிற நாளையும் முடிவு செய்யுங்கள். நாங்கள் அடுத்த வருட காலண்டர் வாங்கியதும் மே மாதத் தாளில் "விண்ணப்பம்" என்று எழுதிவைத்தோம்.

அந்த மாதங்களில் அவள் என்ன செய்தாள்? முதல் மூன்று மாதம் ஒன்றும் செய்யவில்லை. தூங்கினாள், சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள். அதுவே பெரிய வேலை. பிறகு டைப்ரைட்டிங் வகுப்பு. வருடத்துக்கு இரண்டு முறை அரசுத் தேர்வு நடக்கிறது, லோயர் பாஸானாள். காலை ஏழு மணிக்கு ஒரு இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு உதவியது போல இருந்தது. கொஞ்சம் தேறியபின் படிப்பைத் தொட நினைக்கிற பிள்ளைகளுக்கு இக்னோவில் ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை உண்டு.

சட்டதிட்டம் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெளிநாடுகளில் இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு அடுத்த வருடம் சேர்கிற வசதி சாதாரணம். அமெரிக்காவின் ஹார்வர்டு, சேர்க்கைக் கடிதத்திலேயே ஒரு வருடம் கழித்து வருவதைப் பற்றி யோசியுங்கள் என்று பல காலமாக எழுதிவருகிறது. நம் ஊர் காலேஜ்களில் அந்த வழக்கம் இல்லை. அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பிளஸ் டூ மார்க் செத்துப்போவதில்லை. முந்தைய வருடம் முடித்தவர்களும் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். நீட்டுக்கு மேல் வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். ஜேஇஇ மட்டும் கவனம்: மெயின் தேர்வுக்கு அந்த வருடமோ அதற்கு முந்தைய இரண்டு வருடத்திலோ பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் எழுதலாம்.

பணம் கட்டிச் சேர்த்துவிட்ட பிறகு முடியவில்லை என்றால்? யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னால் விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திரும்ப வரும். அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றுமில்லை. வருடாவருடம் தனிச் சுற்றறிக்கையும் வரும். அந்த வருடத்து அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. பாதிப் படிப்பில் நோய் வந்தால் விலக வேண்டிய அவசியமே இல்லை. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று இருக்கிறது. மருத்துவச் சான்றோடு காலேஜ் முதல்வர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால்தான் சிக்கல்.

வைத்தியத்துக்குக் காசில்லையே என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. உடனே பேச வேண்டுமென்றால் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளை "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் அதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். அன்றே போன் பண்ணுங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள், அன்று இரவு தனியே படுக்க விடாதீர்கள். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்குபவை அல்ல. ஆனால் நாமாக நிறுத்தக்கூடாது.

உங்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். ரிசல்ட் வந்ததிலிருந்து ஆடித்தபசு முடிகிறவரை நம் மாடிப்படியில் "எந்தக் காலேஜ்?" என்ற கேள்வி வேண்டாம். சேர்ந்த பிள்ளை தானே வந்து இனிப்புக் கொடுக்கும். கொடுக்காத வீட்டில் கேட்காதீர்கள். சங்க வாட்ஸ்அப் குழுவில் மார்க் போட்டு வாழ்த்துவதையும் அந்த மாதங்களில் நிறுத்திவைக்கலாமா என்று செயலாளர் சார் யோசிக்கட்டும். போன வருடம் நானும் ஒரு பையனுக்கு வாழ்த்துப் போட்டேன். அவனுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு பிள்ளை தேறாமல் இருந்தது எனக்குத் தெரியாது.

மகள் 2024-ல் பொறியியல் சேர்ந்தாள். கோயம்புத்தூர் இல்லை, திருநெல்வேலி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவளே எடுத்த முடிவு. வகுப்பில் தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு படிக்கிறாள். இரண்டு வாரத்துக்குமேல் அது யாருக்கும் ஞாபகமில்லையாம். முதல் செமஸ்டரில் ஒரு அரியர் வந்தது. நான்தான் பதறினேன். அவள் எழுதி முடித்துவிட்டாள். மருத்துவரை இன்னும் பார்க்கிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

மூன்றாம் மாடி அக்கா, உங்கள் புத்தகங்கள் இந்தப் பையில் இருக்கின்றன. அட்டை போட்டு வைத்திருந்தோம், ஒரு கோடுகூட இழுக்கவில்லை. இந்த வருடம் யார் வீட்டிலாவது உண்மையாகவே நீட் படிக்கிற பிள்ளை இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.